வாயுவும் கேஸும்: ஒரு மொழிபெயர்ப்புப் பிழை

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நடுத்தர வர்க்கத்து வீடுகளில் 'கேஸ்' என்ற சொல் ஒலிக்காமல் ஒருநாள் கழிவது அரிது. சமையலறையில் தீர்ந்துபோகும் சிலிண்டரைச் சொல்லவில்லை. உடம்புக்குள் தீராமல் இருப்பதாக நம்பப்படும் இன்னொரு கேஸைச் சொல்கிறோம். நெஞ்சு எரிந்தால் கேஸ். வயிறு உப்பினால் கேஸ். முதுகு பிடித்துக்கொண்டால் கேஸ். முழங்கால் குடைந்தால் 'கேஸ் முட்டியில எறங்கியிருக்கு'. நள்ளிரவில் ஒருவர் வியர்த்துக் கொட்டி மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் வீட்டில் முதலில் எழும் குரல், 'ஒண்ணுமில்லை, கேஸாத்தான் இருக்கும், கொஞ்சம் சோடா குடிங்கோ' என்பதே.

நாவலும் கவிதையும் பேசுகிற இடத்தில் இரைப்பைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் முகம் சுளிக்கக்கூடும். மருத்துவம் கற்பிக்கும் தகுதி நமக்கில்லை. அந்த நோக்கமும் இல்லை. நாம் எழுதவந்தது ஒரு சொல்லைப் பற்றி. சொல் பிசகினால் கவிதை கெடும் என்று பக்கம்பக்கமாக வாதிடுகிறோம். சொல் பிசகியதால் உயிர் போகிற இடம் ஒன்று நம் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறதென்றால் அதைப் பற்றியும் நாலு வரி எழுதத்தானே வேண்டும்?

இந்தக் 'கேஸ்' எங்கிருந்து வந்தது? ஆங்கிலம் படித்தவர்கள் கொண்டுவந்தது என்பது பாதி விடைதான். சித்த மருத்துவம் உடலை வளி, அழல், ஐயம் என்ற மூன்றின் சமநிலையாகப் பார்த்தது. வாதம், பித்தம், கபம் என்றாலும் அவையே. வளி எனும் வாயு அந்த மரபில் வெறும் காற்றன்று. அசைவு, ஓட்டம், வலி இவற்றுக்கெல்லாம் காரணமாகக் கருதப்பட்ட ஒரு தத்துவம். அது முதுகிலும் இருக்கலாம், முட்டியிலும் இருக்கலாம். அந்த மரபுக்குள் அப்படிச் சொல்வதில் முரண் ஏதுமில்லை. நேற்றைய தலைமுறைகளில் யாரோ அந்த வாயுவை ஆங்கிலமாக்கியபோது 'கேஸ்' என்று எழுதினார்கள். தத்துவம் உதிர்ந்தது, காற்று மட்டும் மிஞ்சியது. ஆனால் பழைய வாயுவின் பயண உரிமை அப்படியே புதிய கேஸுக்கு வந்துவிட்டது. ஆகவேதான் இன்றைக்கு ஒரு வங்கி அதிகாரி, வேதியியலில் முதல் வகுப்பில் தேறியவர், குடலுக்குள் இருக்கும் காற்று தோள்பட்டைக்கு ஏறிவிட்டதாகக் கூசாமல் சொல்கிறார்.

குடற்காற்று ஒரு குழாய்க்குள் அடைபட்டது. அதற்கு வாசல் மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே வருவது பெரும்பாலும் நாம் உணவோடும் பேச்சோடும் விழுங்கிய காற்று. கீழே போவது பெருங்குடலில் நுண்ணுயிர்கள் பருப்பையும் கிழங்கையும் நொதிக்கச் செய்ததன் விளைவு. குழாயின் சுவரைத் துளைத்துக்கொண்டு முட்டிக்குப் போக அதற்கு வழி கிடையாது. (சோடாவின் வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். கேஸுக்கு மருந்தென்று நாம் குடிப்பது கேஸ்தான். அது ஏப்பமாக வெளியே வரும்போது 'பாத்தியா, வெளில வந்துடுத்து' என்று ஒரு நிம்மதி. வந்தது உள்ளே போட்ட காற்று.)

சித்தர் நூல்கள் இதே வயிற்றுத் துன்பங்களைக் குன்மம் என்று அழைத்தன. அதையும் ஒரே மூட்டையாகக் கட்டவில்லை, எட்டாகப் பிரித்தன. எரிச்சல் மேலோங்கியது எரிகுன்மம், வாந்தி மேலோங்கியது சத்திகுன்மம், வலி மேலோங்கியது வலிகுன்மம். அவர்கள் கூறிய காரணங்களை இன்று ஏற்கவேண்டியதில்லை. நோயாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு வேறுபடுத்தியிருக்கிறார்கள் என்பதே நமக்கு முக்கியம். எட்டு பெயர் இருந்த இடத்தில் ஒரே பெயரை வைத்துக்கொண்டிருப்பதை முன்னேற்றம் என்பதா?

நூல்களை விடுவோம். பாட்டிமார்களின் பேச்சில் இருந்த சொற்களை எண்ணிப் பாருங்கள். நெஞ்செரிச்சல், நெஞ்சு கரித்தல், புளியேப்பம், எதுக்களித்தல், வாய்நீர் ஊறல், உப்புசம், பொருமல், மந்தம், குமட்டல், ஓங்கரிப்பு. இவை ஒரே பொருளின் பல பெயர்கள் அல்ல. ஒவ்வொன்றும் உடலின் வெவ்வேறு நிகழ்ச்சியைச் சுட்டுகிறது. இன்றைய மருத்துவர் கேட்டறிய விரும்புவதும் இந்த வேறுபாடுகளையே.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக்குழாய். அது இரைப்பையோடு சேருமிடத்தில் ஒரு சுருக்குத் தசை, பணப்பையின் சுருக்குக் கயிறு போல இறுகி நிற்கிறது. விழுங்கும்போது திறக்கும், உடனே மூடும். விழுங்காத வேளையிலும் அவ்வப்போது சில நொடிகள் தானாகத் தளரும். ஏப்பம் வெளியேறுவது அப்போதுதான். இரைப்பைக்குள் இருக்கும் அமிலம் சாதாரணமானதன்று, ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரைப்பைக்கு அதைத் தாங்கச் சளிப்படலக் கவசம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த அளவு கவசமில்லை. தளர்ந்த வேளையில் அமிலம் மேலேறினால் மார்பெலும்புக்குப் பின்னே எரிகிறது. அதுவே நெஞ்செரிச்சல். அந்த அமிலம், சிலசமயம் தின்ற உணவோடு, ஓங்கரிப்பு எதுவுமின்றித் தானாகத் தொண்டைவரை வந்தால் அது எதுக்களித்தல். வாந்திக்கு வயிற்றுத் தசைகள் முறுக்கித் தள்ளவேண்டும். எதுக்களிப்புக்கு அது வேண்டாம். இந்த இரண்டையும் ஒரு கைக்குழந்தையின் தாய் பிழையின்றிப் பிரித்தறிகிறாள். பெரியவர்கள்தாம் மறந்துவிடுகிறார்கள்.

வாய்நீர் ஊறல் இன்னும் நுட்பமானது. உணவுக்குழாயில் அமிலம் பட்டதும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் திடீரென வாயை நிரப்புகின்றன. அமிலத்தைக் கழுவ உடல் தானே அனுப்பும் தண்ணீர் அது. உப்புசமும் மந்தமும் வேறொரு கதை. அவற்றில் அமிலத்துக்குப் பங்கே இல்லாமலிருக்கலாம். இரைப்பை விரிந்துகொடுப்பதில் தயக்கம், காலியாவதில் தாமதம், நரம்புகளின் மிகையுணர்வு, மனக்கவலை என்று பல காரணங்கள். உள்நோக்கியால் பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும். நோயாளிக்கோ நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிடும். இதற்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சிலருக்கு உதவும், பலருக்கு உதவாது. இரண்டையும் 'கேஸ்' என்று ஒரே பெட்டியில் போட்டு ஒரே மாத்திரையை விழுங்குகிறோம். பிறகு மருந்து வேலைசெய்யவில்லை என்று மருத்துவரை மாற்றுகிறோம்.

ஓர் இடைக்குறிப்பு. ஆங்கிலத்தில் இந்த நோய்க்குறிக்கு ஹார்ட்பர்ன் என்று பெயர். இதயத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிரேக்கத்தில் 'கார்டியா' என்ற சொல் இதயத்தையும் இரைப்பையின் மேல்வாயையும் சேர்த்தே குறித்தது. இன்றும் உடற்கூற்றியலில் இரைப்பையின் அப்பகுதிக்குக் கார்டியா என்றே பெயர். அந்தக் குழப்பம் ஆங்கிலச் சொல்லில் உறைந்துவிட்டது. நெஞ்செரிச்சல் என்ற தமிழ்ச்சொல் மார்பு எரிகிறது என்று மட்டும் சொல்கிறது, உறுப்பின் மீது பழிபோடவில்லை. இரண்டில் நோயாளிக்கு நேர்மையான சொல் நம்முடையது. அதைத்தான் கைவிட்டோம்.

தென்னிந்திய வயிறு மருத்துவ வரலாற்றில் பெயர்பெற்றது என்பது பலருக்குத் தெரியாது. 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், மலையேற்றத்தின் புகழை விட்டுவிட்டுத் தென்திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் தங்கிவிட்டார். (நெய்யூர் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.) அங்கே அவர் முன் வரிசைகட்டி நின்றது முன்சிறுகுடற்புண். ஆயிரக்கணக்கான ஏழைகளின் வயிற்றைத் திறந்து, அடைத்துப்போன வழிக்கு மாற்றாக இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்துத் தைத்தார். அதே காலத்தில் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன், மரவள்ளிக்கிழங்கை நம்பிய திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் இரைப்பையில் புண் தோன்றுவதைக் கண்டார். 1960களில் ரயில்வே மருத்துவரான எஸ். எல். மல்ஹோத்ரா, வடக்கைவிடத் தெற்கில் இந்தப் புண் மிகுதி என்று எழுதி, அரிசிக்கும் கோதுமைக்கும் இடையிலான மெல்லும் வேறுபாட்டில் காரணம் தேடினார்.

காரம், புளி, கிழங்கு, அரிசி, கவலை என்று குற்றவாளிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போன வேளையில் விடை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வந்தது. ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் இரைப்பையின் சளிக்குள் வாழும் ஒரு திருகுவடிவ நுண்ணுயிரைக் கண்டார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்த நுண்ணுயிர்க் கரைசலைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. இந்தியாவில் பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்திலேயே ஒட்டிக்கொள்ளும் நுண்ணுயிர் இது. மிகப் பலரிடம் தொல்லையின்றிக் கிடக்கிறது, சிலரிடம் புண்ணாகிறது, மிகச் சிலரிடம் புற்றாகிறது. புண்ணுக்கு இன்னொரு பெருங்காரணம் வலிமாத்திரைகள். மூட்டுவலிக்கு நாளும் டைக்ளோஃபினாக் விழுங்கும் மாமிகளுக்கு இரைப்பையில் புண் வந்தால் பழி வத்தக்குழம்பின் மேல் விழுகிறது.

வத்தக்குழம்புக்காக நாம் வாதாடுவதை வைத்து அது முற்றிலும் நிரபராதி என்று கொள்ளவேண்டாம். ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயைக் காரமும் புளியும் சீண்டும். காப்பியைப் பற்றியோ ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. சிலருக்கு எரிகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை. தன் வயிற்றைத் தானே கவனித்து முடிவுசெய்வதுதான் அறிவு. காப்பியை ஒழித்துவிட்டால் எல்லாம் தீரும் என்று யோகா வகுப்பில் சொன்னார்கள் என்பதற்காக முப்பது வருடத்து டிகாக்ஷனைத் துறந்து, இரவு பத்தரைக்குப் பூரிக்கிழங்கு சாப்பிட்டுப் பத்தே முக்காலுக்குப் படுப்பவர்களை என்னவென்பது?

நம் பார்வையில் இந்நகரத்தின் முதன்மைக் குற்றவாளி நேரம். மார்கழியில் பாருங்கள். மாலைக் கச்சேரி முடிய ஒன்பதைத் தாண்டுகிறது. இடைவேளையில் சபா கேண்டீனில் போண்டாவும் அடை அவியலும் ஆயிற்று. வீட்டுக்குப் போய் 'லேசாக' இரண்டு தோசை, உடனே படுக்கை. நிற்கும்போது புவியீர்ப்பு செய்துகொண்டிருந்த காவல் படுத்தவுடன் போய்விடுகிறது. நிறைந்த இரைப்பை, தளரும் சுருக்குத் தசை, கிடையாகக் கிடக்கும் குழாய். தரமணியில் டைடல் பூங்கா 2000இல் திறந்ததிலிருந்து அடையாற்றுக்குத் தெற்கே ஒரு தலைமுறைக்கே ஆண்டு முழுவதும் மார்கழிதான். சாப்பிடுவதற்கும் படுப்பதற்கும் இடையே மூன்று மணிநேரம் வேண்டும் என்பதை எல்லா மருத்துவரும் சொல்கிறார்கள்; நகரத்தின் கடிகாரம் அதற்கு இடம் தருவதில்லை. இடப்பக்கமாகப் படுத்தால் இரைப்பையின் வாய் அமிலக் குட்டைக்கு மேலே அமைகிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் உயரக் கட்டை வைத்தால் பலன் உண்டு. தலையணைகளை அடுக்குவது உதவாது, இடுப்பை மடித்து வயிற்றை அமுக்கும். பருத்த வயிறு குறைந்தால் எரிச்சலும் குறையும். இவற்றில் எதற்கும் கடையில் காசு கொடுக்கவேண்டியதில்லை. யாரும் விளம்பரம் செய்யாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பாடகர்களைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். கச்சேரி முடிந்து நள்ளிரவில் உண்பவர்கள். மூச்சை அடக்கி வயிற்றை அழுத்திப் பாடுபவர்கள். காலையில் கரகரப்பு, ஓயாத தொண்டைச் செருமல், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பதாகத் தோன்றுவது என்று வந்தால் அமிலம் குரல்வளைவரை ஏறுகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பதுண்டு. நெஞ்செரிச்சலே இல்லாமலும் இது நேரலாம். ஆனால் எல்லாக் கரகரப்புக்கும் அமிலத்தையே குற்றஞ்சாட்டுவதும் இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அதுவும் 'கேஸ்' கதைதான், ஆங்கிலப் பட்டத்தோடு.

இனி அந்த மாத்திரை. ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு இளஞ்சிவப்பு டைஜீன் பாட்டில் இருந்தது. பிறகு ரானிடிடின் வந்தது. 2019இல் அதில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் விளைவிக்கக்கூடியதென்று கருதப்படும் மாசு கண்டறியப்பட்டது. 2020இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது. அதற்கெல்லாம் முன்பே அரியணை கைமாறிவிட்டது. 1980களின் இறுதியில் வந்த ஓமிப்ரசோலும், அதன் தம்பி பான்டோப்ரசோலும் இன்று மயிலாப்பூரின் இரண்டாவது சுப்ரபாதம். இவை நல்ல மருந்துகள் என்பதில் ஐயமில்லை. இரைப்பைச் சுவரின் உயிரணுக்கள் அமிலத்தை வெளியே தள்ளும் விசைக்குழாய்களையே இவை பூட்டிவிடுகின்றன. இரத்தம் கசியும் புண்ணிலிருந்தும் அரித்துப்போன உணவுக்குழாயிலிருந்தும் எத்தனையோ பேரைக் காப்பாற்றியவை. சாமர்வெல் கத்தியெடுத்த இடத்தில் இன்று பெரும்பாலும் மாத்திரை போதுமானதாயிருக்கிறது.

சிக்கல் நாம் அவற்றை உண்ணும் விதத்தில். அந்த விசைக்குழாய்கள் இயங்கத் தொடங்கும் தறுவாயில்தான் மருந்து அவற்றைப் பூட்டமுடியும். ஆகவே காலை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக விழுங்கவேண்டும். எரியும்போது ஒன்று போட்டுக்கொண்டு ஐந்து நிமிடத்தில் குளிர்ச்சியை எதிர்பார்ப்பவர்கள் அதை டைஜீன் என்று நினைத்துவிட்டார்கள். இதன் முழுப்பலன் தெரியச் சில நாட்கள் ஆகும். மாதக்கணக்கில் உண்டு திடீரென நிறுத்தினால் அடக்கிவைத்த அமிலம் சிலகாலம் முன்னைவிட அதிகமாகப் பொங்குகிறது. 'மாத்திரை இல்லாம இருக்கவே முடியலை' என்பது பலசமயம் நோயின் குரலன்று, நிறுத்திய விதத்தின் குரல். படிப்படியாகக் குறைக்க மருத்துவர் வழிசொல்வார். மாத்திரையின் பெயரோடு ஒட்டிவரும் 'டி' என்ற எழுத்து டோம்பெரிடோன் என்ற இன்னொரு மருந்து. அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் 2014இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு என்று வரம்பிட்டது. நம் தெருக்களில் அது ஆண்டுக்கணக்கில் உள்ளே போகிறது.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. உணவிலுள்ள பி12 வைட்டமினைப் புரதத்திலிருந்து பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். மரக்கறி உணவினருக்குப் பாலும் தயிருமே அந்த வைட்டமினின் வாசல். ஏற்கெனவே குறுகிய வாசல். நீரிழிவுக்காக உண்ணும் மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும். மரக்கறி, மெட்ஃபார்மின், பான்டோப்ரசோல் மூன்றும் சேர்ந்த அறுபது வயதுக்காரர் லஸ் முனையில் தடுக்கி விழுந்தால் அவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்திலேயே அதே மூன்றும் சேர்ந்த இன்னும் நாலைந்து பேர் இருப்பார்கள். காலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வையும் மறதியையும் 'வயசாயிடுத்து' என்று தள்ளிவிடுகிறோம். ஒரு இரத்தப் பரிசோதனை போதும். மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து இது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இப்போது, இதை எழுதத் தூண்டிய விஷயம். மாரடைப்பு எப்போதும் சினிமாவில் போல இடது மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வதாக வருவதில்லை. இதயத்தின் அடிப்பகுதிச் சுவர் பாதிக்கப்படும்போது மேல்வயிற்றில் பாரம், குமட்டல், ஏப்பம் என்று வரலாம். பெண்களிடமும் நீரிழிவுக்காரர்களிடமும் வழக்கத்துக்கு மாறான அடையாளங்களோடு வருவது இன்னும் மிகுதி. நீரிழிவு இந்நகரத்தில் எவ்வளவு பரவலானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 'கேஸ்' என்று பெயரிட்டுவிட்டதும் அந்த வீடு தேடத் தொடங்குவது சோடா, ஓமம், பெருங்காயம், ஈனோ. ஒருமணி நேரம் போகிறது. அடைபட்ட இதயத் தசைக்கு அந்த ஒருமணி நேரம்தான் எல்லாம்.

பிரித்தறிய வீட்டிலிருப்பவர்களால் முழுமையாக முடியாது. அனுபவமுள்ள மருத்துவரே இசிஜி எடுக்காமல் சொல்லத் தயங்குவார். ஆயினும் சில கேள்விகள் உண்டு. மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் ஏறும்போது தோன்றி, நின்றால் அடங்கும் 'எரிச்சல்' இரைப்பையினுடையதாக இருக்க வாய்ப்புக் குறைவு. வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இவற்றோடு வருவதும் அப்படியே. இதற்குமுன் இப்படி ஒரு தொல்லையே இல்லாதவருக்கு ஐம்பது வயதில் திடீரென வருவதும் அப்படியே. இத்தகைய வேளையில் 108ஐ அழைத்தபின் சோடாவைப் பற்றி யோசிக்கலாம்.

மெதுவாகக் கொல்லும் பிழையும் உண்டு. அடையாறு புற்றுநோய் நிறுவனம், முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கியது, 1980களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்துவருகிறது. சென்னை ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்வரிசையில் இருந்ததை அந்தப் பதிவேடு காட்டியது. இரைப்பைப் புற்றின் தொடக்க அடையாளங்கள் என்ன? மந்தம், பசியின்மை, சீக்கிரம் வயிறு நிறைதல். அதாவது, நம் அகராதியில், கேஸ். பான்டோப்ரசோல் அந்த வலியைச் சிலமாதம் மட்டுப்படுத்தவும் கூடும். விழுங்குகையில் உணவு சிக்கிக்கொண்டு நிற்பது, காரணமின்றி எடை குறைவது, தார்போலக் கறுத்த மலம் (இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுக்கச் செய்யும், அச்சப்படுமுன் அதையும் நினைவுகூரலாம்), இரத்த வாந்தி, சோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக்கடையைத் தாண்டிப் போய் உள்நோக்கிச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளவேண்டும். சில நிமிடச் சங்கடம், அவ்வளவே.

மருத்துவர்கள் பக்கமும் குறை இருக்கிறது. நோயாளி வாயைத் திறக்குமுன் 'கேஸ் பிராப்ளமா?' என்று அவர்களே கேட்டுவிடுகிறார்கள். சீட்டில் 'ஏ.பி.டி.' என்று மூன்றெழுத்து விழுகிறது. அமிலம் தொடர்பான ஏதோ நோய் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. பெயரிட்டதும் தேடல் நின்றுபோவது எக்காலத்திலும் உண்டு. 1917இல் இங்கிலாந்தில் ராமானுஜன் நோயுற்றபோது முதலில் இரைப்பைப்புண் என்று ஐயுற்றார்கள். பின்னர் காசநோய் என்றார்கள். 1919இல் சென்னை திரும்பி, லஸ் சர்ச் சாலையிலும் சிலகாலம் தங்கி, 1920 ஏப்ரலில் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டு வயதில் இறந்தார். 1994இல் டி. ஏ. பி. யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கவேண்டும், அக்காலத்திலேயே குணப்படுத்தக்கூடியது என்று எழுதினார். உறுதியாக நிறுவ இனி வழியில்லை. ஆனால் ஒரு பெயர் சீட்டில் ஏறிவிட்டால் அது எவ்வளவு பிடிவாதமாக உட்கார்ந்துகொள்கிறது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று நமக்குத் தெரியாது.

தமிழில் இதையெல்லாம் சொல்லமுடியாது, ஆகவேதான் கேஸ் என்கிறோம் என்று சிலர் வாதிடலாம். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே முழு மருத்துவக் கல்வி கொடுத்தார். இரண வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று பெரும்பெரும் நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அயல்நாட்டிலிருந்து வந்தவருக்குப் போதுமானதாயிருந்த மொழி மாடவீதியில் பிறந்தவருக்குப் போதவில்லை என்றால் குறை மொழியிடம் இல்லை.

நடைமுறையில் நாம் பரிந்துரைப்பது சிறியது. மருத்துவரைப் பார்க்கப் போகுமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: எரிகிறதா, வலிக்கிறதா, உப்புகிறதா, எதுக்களிக்கிறதா, எந்த இடத்தில், சாப்பிட்ட எவ்வளவு நேரத்துக்குப் பின், படுத்தால் கூடுகிறதா, நடந்தால் கூடுகிறதா, எத்தனை மாதமாக என்ன மாத்திரை, யார் சொல்லி. 'கேஸ்' என்ற சொல்லை அந்தக் காகிதத்தில் எழுதாதீர்கள். மூன்று நிமிடம் மட்டுமே ஒதுக்கும் மருத்துவரானாலும், அந்தக் காகிதத்தைப் படித்தபின் நாலாவது நிமிடம் தருவார். தராவிட்டால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருக்கிறார்.